விசாவுக்குக் கேட்ட வீட்டு உறுதி

தென்னாபிரிக்காவில் இருக்கும் தம்பியைப் பார்க்க விசா எடுக்கப் போனேன். கல்முனை ட்ரவல்ஸ்காரர் தந்த பட்டியலில் பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கம், தம்பியின் அழைப்புக் கடிதம் எல்லாம் சரியாக வந்தது. சொந்த வீட்டு உறுதிப் பத்திரம் என்ற இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் மனைவியின் வீட்டில் இருப்பவன். என் பேரில் ஒரு ஓடுகூட இல்லை.

"நான் திரும்பி வருவேன் என்றதுக்கு அத்தாட்சி வேணுமாம்" என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

மனைவி அலுமாரியிலிருந்து தன் வீட்டு உறுதியை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கிறவள், அப்படியே உட்கார்ந்து ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். வாங்கி வாசித்தேன்.

"இந்த வீடு என்னுடையது. என் கணவர் இருபத்திரண்டு வருடமாக இதில் வசிக்கிறார். எங்கே போனாலும் அந்தி மஃரிப் தொழுததும் நான் ஊற்றும் பாலில்லாத பிளேன்டீக்கு வந்துவிடுவார்."

விசா கிடைத்தது.

டர்பனில் முதல் நாள் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்ததும், கடற்கரையைப் பார்க்கலாம் என்று தம்பி காரைத் திறந்தான்.

"முதல்ல வீட்ட போய் பிளேன்டீ குடிச்சிட்டு வருவம்" என்றேன்.