அருணாவின் எண்ணெய்க் கை

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் அருணாவைப் பற்றிக் கேட்டால், நல்ல உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்பார்கள். முதல் இரண்டும் மெய். மூன்றாவது சுத்தப் பொய். அவள் மனசில் சங்கீதா என்று ஒருத்தி வருடக்கணக்கில் குடியிருந்தாள். கொழுந்தனின் மனைவி, அடுத்த வீட்டுக்காரி.

சங்கீதா வைத்த அவரை காய்த்தால் அருணாவுக்கு வயிறு எரியும். சங்கீதாவின் ரசத்தை யாராவது மெச்சினால் அன்றைக்கு அருணா வீட்டில் பாத்திரங்கள் பேசும். இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டாள். கார் பல்பு விஷயத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அவள் கணவன் சதீஷ்குமார் பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மிளகு மூட்டைக்காரர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள் என்று சேந்தமங்கலத்துக்கும் மலைக்கும் ஓயாத ஓட்டம். பனி இறங்கிவிட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் ஹெட்லைட்டை நம்பித்தான் உயிர். அந்தக் காரிலோ வலது பக்க பல்பு அடிக்கடி போகும். பானெட்டைத் திறந்தால் லைட்டுக்குப் பின்னால் பேட்டரி உட்கார்ந்திருக்கும். இடையில் இருக்கும் சந்தில் சதீஷ்குமாரின் மண்வெட்டி பிடித்த கை நுழையாது. ஒரு பல்புக்காக மலையிறங்கி மெக்கானிக்கைத் தேடவும் முடியாது.

ஒருநாள் சங்கீதா செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்தாள். ஒல்லிக் கையைச் சந்தில் விட்டாள். வயரைப் பிடுங்கி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கொக்கியை அமுக்கி, பழைய பல்பை எடுத்துப் புதியதைப் போட்டாள். லைட் எரிந்தது. அன்றிலிருந்து பல்பு போனால் சதீஷ்குமார் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சங்கீதா, ஒரு எட்டு வந்துட்டுப் போ கண்ணு" என்பான். எங்கள் வீட்டிலேயே மெக்கானிக் இருக்கிறாள் என்று டீக்கடையில் வேறு பெருமை அடித்துக்கொண்டான்.

அருணாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த வேலைக்கு அவன் தன்னைக் கூப்பிட வேண்டும். கட்டின மனைவி குத்துக்கல் மாதிரி நிற்கையில் ஓரகத்தியை எதற்குக் கூப்பிடுகிறான்?

அதனால் மிளகு காயப்போடும் சாக்கில் நின்று, சங்கீதா பல்பு மாட்டுவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எதை முதலில் கழற்றுகிறாள், கொக்கி எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாம் மனப்பாடம். சங்கீதா புது பல்பை வெள்ளைத் துணியால் பிடித்ததையும் பார்த்தாள். அது வெறும் பவிசு என்று நினைத்துக்கொண்டாள்.

பலாப் பருவத்தில் வாய்ப்பு வந்தது. வலது பல்பு போயிருந்தது. சதீஷ்குமார் கடையில் ஒரு ஜோடி வாங்கி வந்து காரிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். சங்கீதா அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அருணா பலா அறுத்துக்கொண்டிருந்தாள். பால் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய் பூசியிருந்தாள். அப்படியே எழுந்து போய் பானெட்டைத் தூக்கினாள்.

அவளுடையது பூரித்த கை. வளையலைக் கழற்றியும் சந்தில் பாதிதான் போனது. மூளைக்காரி ஆயிற்றே, வளையல் ஏற்றுகிற மாதிரி இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள். கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பழைய பல்பை எடுத்துவிட்டு, புதியதன் கண்ணாடியைப் பிடித்து உள்ளே கொண்டுபோய், இப்படியும் அப்படியும் திருப்பி, பல்பு பள்ளத்தில் உட்கார்ந்ததும் கொக்கியைப் போட்டாள். லைட் பளிச்சென்று எரிந்தது.

தலை துவட்டிக்கொண்டு வந்த சதீஷ்குமார் அசந்துபோனான். டீக்கடைக்கும் செய்தி போனது. அருணாவுக்குத் தலைகால் புரியவில்லை. சங்கீதா ஊரிலிருந்து திரும்பியதும் யார் சொல்லியாவது கேட்டு முகம் வாடுவாள் என்று காத்திருந்தாள். சங்கீதா வந்தாள், கேட்டாள், "நல்லாப் போட்டிருக்கீங்கக்கா" என்று சிரித்தாள். அது ஒன்றுதான் அருணாவுக்குக் கசந்தது.

மறுநாள் மாலை, கிருஷ்ணகுமாரி டீச்சரை ஏற்றிக்கொண்டு சதீஷ்குமார் மலையேறினான். பனி அடர்ந்த ஒரு வளைவில் டப்பென்று வலது லைட் செத்தது. எதிரே இறங்கிய பஸ் டிரைவர் ஒற்றை வெளிச்சத்தைப் பார்த்து பைக் என்று நினைத்தார் போலிருக்கிறது, வழிவிடாமல் வந்தார். சதீஷ்குமார் காரை ஒடித்து மலைப்பக்கக் கால்வாயில் சக்கரத்தை இறக்கினான். பக்கக் கண்ணாடியை மட்டும் பஸ் கொண்டுபோனது. டீச்சர் கும்பிட்ட கையை வீட்டில் இறங்கும்வரை பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவன் முதல் வேலையாகச் சங்கீதாவைக் கூப்பிட்டான். அவள் பல்பைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணாடி ஓரிடத்தில் கொப்பளித்திருந்தது. பக்கத்தில் பெருவிரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை. சங்கீதா ஒரு கணம் அருணாவைப் பார்த்தாள். பிறகு பல்பைத் துணியில் சுருட்டிக்கொண்டு, கடைக்காரன் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது என்றாள். சதீஷ்குமார் கடைக்காரனின் குலத்தையே திட்ட ஆரம்பித்தான். விடிந்ததும் போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன் என்றான்.

அந்த வெள்ளைத் துணி எதற்கென்று அருணாவுக்கு அப்போதுதான் உறைத்தது. விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெந்துதான் பல்பு செத்திருக்கிறது. சங்கீதா தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்பதும் உறைத்தது. வேறொருத்தியாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். அருணாவுக்கு அடிவயிற்றில் தீப்பிடித்தது. கெட்டிக்காரி பட்டம்தான் அவளுக்குப் போயிற்று என்றால், நல்லவள் பட்டமும் அவளுக்கேவா? இனி அவள் சிரிக்கும்போதெல்லாம் இந்த நன்றியை விழுங்கியாக வேண்டுமா?

"ஏனுங்க, கடைக்காரன் மேல தப்பில்லீங்க" என்றாள். "பலா அறுத்த எண்ணெக் கையோட நாந்தான் கண்ணாடியத் தொட்டுப்போட்டேன். கை நுழையலைன்னு மேக்கொண்டும் எண்ணெ ஊத்துனேனுங்க."

உண்மை பேச அவளுக்கு அரிச்சந்திரன் வர வேண்டியிருக்கவில்லை. பொறாமையே போதுமானதாக இருந்தது.

சதீஷ்குமார் கடைக்காரனைத் திட்டுவதை நிறுத்தினான். பிறகு, "பஸ்ஸு இடிச்சிருந்தா டீச்சரு புள்ளைகளுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டான். அருணா தலை குனிந்தாள். அந்தக் கேள்விக்கு முன்னால் சங்கீதாகூட அவள் நினைவில் இல்லை.

"விடுங்க மாமா" என்றாள் சங்கீதா. "நானும் மொதல்ல ரெண்டு பல்ப இப்பிடித்தான் பொசுக்குனேன். உங்ககிட்டச் சொல்லலைங்க."

ரெண்டு. அருணா மெல்லத் தலையை நிமிர்த்தினாள். தான் ஒன்றுதான்.

சதீஷ்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். காருக்குள்ளிருந்து ஜோடியில் மிச்சமிருந்த பல்பை எடுத்தான். "அருணா, சோப்புப் போட்டுக் கையக் கழுவீட்டு வா" என்றான்.

அவள் எண்ணெய் வாடை போகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். உலர்ந்த கை சந்தில் இறங்கும்போது புறங்கைத் தோல் உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் வேணாப் போடட்டுங்களா?"

"நீ டார்ச்சப் புடி" என்றாள் அருணா.