ஆணுக்குக் குடி, பெண்ணுக்குக் கொழுப்பு

"ஊது" என்கிறார் ஈரல் டாக்டர். வந்தவரை உட்காரக்கூட விடுவதில்லை. மேசைக்கு மேல் எக்கி, கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நீட்டுகிறார். சாராய வாடை வந்தால் "ம்". வராவிட்டால் இன்னும் அழுத்தமாக "ம்ம்". பயல் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அதற்கு அர்த்தம்.

முப்பது வருஷமாக ஈரல் பார்க்கிறார். கைவசம் இருப்பது இரண்டே சொல். ஆண் என்றால் சீட்டில் 'குடி' என்று எழுதுவார். பெண் என்றால் 'கொழுப்பு'. இரண்டாவதை ஈரலைப் பார்த்து எழுதுகிறாரா, எதிர்க்கேள்வி கேட்ட வாயைப் பார்த்து எழுதுகிறாரா என்பது அவருக்கே வெளிச்சம். நோயாளி பேச ஆரம்பித்தால் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வார். மறுமுனையை யார் நெஞ்சிலும் வைக்க மாட்டார். பேச்சு காதில் விழாமல் இருக்க அது நல்ல அடைப்பான்.

என் தங்கை வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற மனுஷன். கண் மஞ்சளாகி, வயிறு பானையாகி இவர் முன்னால் போய் நின்றார். வழக்கமாகப் பார்க்கும் வைரஸ் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. காரணம் அகப்படவில்லையா? இருக்கவே இருக்கிறது 'குடி'. அந்தச் சொல் சீட்டில் ஏறியதும் மருந்தும் இல்லை, வண்டிச் சாவியும் இல்லை.

"குடிய நிறுத்து, தானா சரியாப் போயிடும்."

"நிறுத்தணும்னா மொதல்ல ஆரம்பிக்கணுமே, டாக்டர்?" என்றார் மாப்பிள்ளை.

"எல்லாப் பயலும் இதத்தான் சொல்றான்."

ரத்தம் எடுக்கிற பெண்தான் என்னைத் தனியே கூப்பிட்டாள். "ஐயா, நாங்க வழக்கமா பாக்கறது வைரஸோட சட்டைய. சட்டையக் கழட்டிட்டு ஈரல்ல ஒளிஞ்சிருந்தா அதுல தெரியாது. ஆளையே தேடுற டெஸ்ட் வேற இருக்கு. டாக்டர் கையெழுத்து போட்டாத்தான் செய்வோம். ஆமா, இவங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி...?"

கேட்டாளே ஒரு கேள்வி! அவள் கொடுத்த டெஸ்ட் காகிதத்தோடு நேரே டாக்டரிடம் போய்க் குடும்பக் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா வயிறு வீங்கிச் செத்துப்போனாள். அவள் பெற்றதில் மூத்த அண்ணன், நடு அக்கா, இருவரும் அதே வழியில் போனார்கள். ஒருத்தரும் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அவர் அப்பாவுக்கு இளைய தாரத்தில் பிறந்த இரண்டு பேர் மட்டும் இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். ஆக, வியாதி தாய்வழியில் இறங்குகிறது.

"பெரியவரே, நான் பாக்கறது ஈரல. உங்க வம்சாவளிய இல்ல."

"ரெண்டும் ஒரே ஒடம்புலதானே இருக்கு, டாக்டர்?"

ஸ்டெதஸ்கோப் காதுக்குப் போனது. நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையுடைய அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர் கதையையும் மூத்தவரிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாமவரை முடிப்பதற்குள் காகிதத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வியாதியைத் தேட அல்ல, என்னை வெளியேற்ற.

பத்தாம் நாள் முடிவு வந்தது. வைரஸ் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஈரலைத் தின்னப் போதுமானது. டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

மாப்பிள்ளைக்கு மருந்து எழுதினார். ஒரே வீட்டில் இருக்கிற தங்கைக்கும் பிள்ளைகள் இருவருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. ரத்தம் எடுக்கிற பெண்தான் வாசலில் வந்து சொன்னாள்.

தங்கை மட்டும் அவர் மேசையை விட்டு நகரவில்லை. "அப்போ அந்தக் 'குடி'ய அடிச்சிடுங்க, டாக்டர். நாளப்பின்ன அவர் வண்டில ஏறணும்ல?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சீட்டை இழுத்தார், பேனாவைத் திறந்தார். 'குடி' என்ற சொல்லை அவர் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 'விட்டுவிட்டார்' என்று சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டார்.