மாரீஸ்வரியின் மாடுகள்

‘டக் டக் டக்’ என்று பேக்ஸ்பேஸை அடித்துக்கொண்டிருக்கிறாள் மாரீஸ்வரி. அந்தப் பொத்தானின் எழுத்து எப்போதோ தேய்ந்து போய்விட்டது. “இதுல குளோபல் போட்டுவச்சது எவன் பார்த்த வேலை?” என்று ஒரு சத்தம். அறையில் இருப்பதே மூன்று பேர். நான் படம் வரைகிறவன், எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மிச்சம் முதலாளி உதயகுமார்தான். அது அவளுக்கும் தெரியும்.

காரைக்குடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் பைத்தான் என்கிற நிரல்மொழியில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிறோம். அமராவதிபுதூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கியதும் மாரீஸ்வரிக்கு முதல் வேலை, நேற்று அவள் போனபிறகு முதலாளி எதையெல்லாம் நோண்டினார் என்று பார்ப்பது. கோபம் வந்தால் மோர்மிளகாயைக் கடிப்பாள். அதற்கென்றே மேஜையில் ஒரு டப்பா உண்டு, வாரம் தாங்காது.

உதயகுமாருக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். எந்த ஃபங்ஷனில், அதாவது நிரலின் எந்தத் துண்டில், பிழை காட்டினாலும் அதன் தலையில் ‘குளோபல்’ என்று ஒரு வரி போட்டுவிடுவார். அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கவேண்டிய வேரியபிளை, எண்ணைப் போட்டுவைக்கிற பெட்டியை, ஊருக்கே திறந்துவிடுகிற வரி அது. அப்புறம் எந்த மூலையில் எது மாற்றியது என்று தேடுவதற்குள் உயிர் போய்விடும். “ஒரே ஆபீஸ்தானேம்மா, பொதுவா இருந்துட்டுப் போகுது” என்பார். “பொதுவா வைக்க அது என்ன தண்ணிப் பானையாண்ணே?” என்பாள் இவள்.

இப்போது செய்வது மஞ்சுவிரட்டு விளையாட்டு. முழுக்க அவள் யோசனை. முகப்பில் முதல்முறையாக அவள் பெயர் வரப்போகிறது. முதலாளி சோதித்துப் பார்த்ததோ ஒரே ஒரு மாட்டை விட்டு. ஜல்லிக்கட்டு மாதிரி வாடிவாசல் வழியாக ஒவ்வொன்றாக வந்தால் அது போதும். நம்மூரில் பொட்டலில் மொத்தமாக அல்லவா அவிழ்த்துவிடுவார்கள்! நேற்று, விளையாட்டை வாங்க வந்த சென்னைக்காரர்கள் முன்னால் வீரன் ஒரு மாட்டை அணைத்ததும், ஓடிக்கொண்டிருந்த அத்தனை மாடும் அப்படியே நின்றுவிட்டன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குளோபல் வேகம்! வந்தவர்கள் சிரித்தார்கள். உதயகுமார் வாய் கூசாமல், “மாரீஸ்வரி எழுதுனதுங்க” என்றார். எனக்கே ரத்தம் கொதித்தது. இன்று சாயங்காலம் மறுபடி வருகிறார்கள். இன்னொரு தடவை மாடு நின்றால் விளையாட்டும் போச்சு, அவள் பெயரும் போச்சு.

காலையிலிருந்து அந்த வரிகளைத் தேடித் தேடிப் பிடுங்கிப்போட்டு, ஒவ்வொரு மாட்டுக்கும் அதனதன் வேகத்தைக் கொடுத்தாள். சாப்பிடக்கூட எழவில்லை. ஓட்டிப் பார்த்தோம். அணைத்த மாடு மட்டும் நின்றது, மற்றவை புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின.

“ஓடுதுக பாருங்கண்ணே!” என்றாள்.

“அருமைம்மா” என்று உதயகுமார் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். “ஸ்கோர் மட்டும் லேசா இடிக்குது. அங்குட்டு ஒரு சின்ன குளோபல் போட்டுவிட்டுர்றேன்.”

“அண்ணே, கையை எடுங்க. அவுக வர்ற நேரத்துல எதையும் தொடாதீக.”

“அட, ஒரே வரிம்மா.”

மாரீஸ்வரி எழுந்து போய்க் குனிந்து, அவருடைய கீபோர்டு வயரைப் பிடுங்கினாள். கீபோர்டைத் தூக்கிவந்து தன் மடியில் வைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து ஒரு மோர்மிளகாயை எடுத்துக் கடித்தாள்.