நேர்ச்சைக் கோழி

ஒண்ணரை மாசக் குஞ்சைக் கையில எடுத்தாப் போதும், சேவலா பொட்டையான்னு சொல்லிருவேன். பொறந்த வீட்டுல அதுக்கு எனக்குத்தான் பேரு. அந்தத் திமிரோடதான் தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தேன்.

கல்யாணமாகி ஏழாம் மாசம் எங்க வீட்டுக்காரவுக கொழும்புத் தோணியில போனாக. சண்டைக் காலம். பத்து நாள்ல திரும்ப வேண்டிய தோணி, ரெண்டு மாசமாகியும் வரலை. கொழும்புல புடிச்சு வச்சிருக்கான்னு ஒருத்தர், முங்கிப்போச்சுன்னு ஒருத்தர். வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்! வீட்டுல நானும் மாமியாரும் மட்டும்.

மாமி மாதா கோயிலுக்குச் சேவல் நேர்ந்துக்கிட்டாக. மகன் வந்ததும் கொண்டுபோய் விடணும். கடையில வாங்கின சேவல் ஆகாது. வீட்டுல பொரிச்ச குஞ்சுல ஒண்ணுக்குக் காலுல சிவப்புத் துணி கட்டி வளக்கணும். கட்டினா கட்டினதுதான், மாத்தக் கூடாது.

"ஏளா, நீதான் கெட்டிக்காரியாச்சே, சேவலாப் பாத்து எடு"ன்னாக.

எட்டுக் குஞ்சுல ஒண்ணு காலு தடியா, கொண்டை லேசாச் செவந்து, மத்ததைக் கொத்தி விரட்டிக்கிட்டு நின்னுச்சு. "இதான் மாமி, கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுங்க"ன்னேன்.

மூணு மாசத்துல எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. சேவல்னா கழுத்து இறகு கூரா, மினுமினுன்னு இறங்கணும். இதுக்கு நுனி உருண்டையாவே இருந்துச்சு. கூடப்பொறந்த சேவல் ரெண்டும் கூவிப் பழகுது, இது கொக்கொக்குன்னு குப்பையைக் கிண்டுது. பாழாப்போற கோழி! மாமிகிட்ட எப்படிச் சொல்ல? நேர்ச்சை தப்பிப்போச்சு, மகன் இனி வரமாட்டான்னு படுத்திருவாகளே. எனக்கும் அந்தப் பயந்தான். நான் பாத்த லட்சணத்தாலதான் அவுக உசுருக்கு ஏதோ ஆயிருச்சுன்னு அடுப்படியில உக்காந்து அழுதிருக்கேன்.

ஆறாம் மாசம் முட்டையும் போட்டுச்சு. சேசுவே! மாமி கண்ணுல படுமுன்ன எடுத்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சேன். அப்புறம் ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணுதான் கெடைக்கும். ஒழுங்கா முட்டை போடக்கூடத் துப்பில்லையான்னு கோழியை வஞ்சிருக்கேன்.

ஒருநாள் தண்ணிக்குப் போனவ, கயித்தை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். கூட்டுப் பக்கத்துல மாமி குத்தவச்சு, ஒரு முட்டையை மடியில மறைக்காக. என்னைப் பாத்ததும் முகம் வெளிறிப்போச்சு.

"எத்தனை நாளாத் தெரியும் மாமி?"

"கழுத்து இறகைப் பாத்தப்பவே தெரியும். நீ சின்னப் பிள்ளை, தாங்கமாட்டியேன்னு சொல்லலை."

நான் அரிசிப் பானையைத் தூக்கிட்டு வந்து காட்டினேன். மாமி தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது அழுகை வந்துருச்சு.

"ஏளா, அவன் வருவானா?"ன்னு அன்னைக்குத்தான் மொதல்மொதலா வாய்விட்டுக் கேட்டாக.

"வருவாக மாமி"ன்னேன். எனக்கு அப்ப நம்பிக்கையே இல்லை.

வந்தாக, எலும்பும் தோலுமா. அந்தப் பொட்டையையே கோயில்ல கொண்டு விட்டோம், யாரும் ஒண்ணும் கேக்கலை. ஆனா அவுக வர இன்னும் இருபத்திரெண்டு நாள் இருக்குன்னு, முட்டை வெளிப்பட்ட அன்னைக்கு எங்களுக்குத் தெரியாதே. அத்தனை நாளும் மாமியும் நானும் ஒரே பாயில படுத்துக்கிட்டோம்.