மூன்று கடைச் சொக்லேட்டும் ஒரு தலையணையும்

ஹோட்டலுக்குச் சாமான் வாங்கிப் போடுகிறவன் நல்லதாக வாங்கினால் சமையல்காரருக்குப் பெயர், கெட்டதாக வாங்கினால் அவனுக்கே பெயர். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். மற்றவர்கள் படித்துவிட்டு எங்கள்மேல் கொஞ்சம் இரக்கப்படலாம், நாங்கள் கோபிக்க மாட்டோம்.

நான் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஒபிசில் கிளார்க்காக இருந்தவன். அந்த வேலையை விட்டு, குவாட்டர்ஸ் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்புத்தளையில் ஒரு சிறிய ஹோட்டலில் சேர்ந்தேன். ஆறு மாதம் பார்ப்போம், திருப்தியாக இருந்தால் நிரந்தரம் என்றார்கள். திருப்தி இல்லாவிட்டால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. என் மனைவி செல்விதான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் போக எங்களுக்கு வீடும் இல்லை, நாற்காலியும் இல்லை.

தலையணை மேல் ஒரு துண்டு

ஐந்தாம் மாதத்தில் மெனேஜர் கூப்பிட்டார். கொழும்புத் தமிழர், நன்றாகப் பேசுவார், சிரிப்பது மட்டும் பழக்கமில்லை. இனி ஒவ்வொரு அறையிலும் மாலையில் தலையணைமேல் ஒரு துண்டு சொக்லேட் வைக்க வேண்டும், அதுவும் நம் ஊவா மாகாணத்தில் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்றார். பதுளையில் இப்போது மூன்று பேர் செய்கிறார்களாம். மூன்றையும் ஒப்பிட்டு ஒன்றை நான் தெரிவு செய்ய வேண்டும்.

சொக்லேட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் தாளை எப்படி உரிப்பது என்பதுதான். முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். மெனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"ஒரு சொக்லேட் தெரிவு செய்யத் தெரியாதவர நம்பி நான் இனி எப்படி மீன் வாங்கச் சொல்றது?"

பாரூக் நானா கடை

பதுளை பஜாரில் பாரூக் நானாவின் இனிப்புக்கடை மஸ்கட்டையும் தொதலையும் தெரியாதவர்கள் இல்லை. இப்போது கஜு போட்ட பால் சொக்லேட்டும் செய்கிறார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிளேன்டி வந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பிளேன்டி என்றால் பால் இல்லாத தேத்தண்ணி: கடும் சாயம், இரண்டு பங்கு சீனி, தட்டிப்போட்ட இஞ்சி. வேண்டாம் என்று சொன்னால் கடைக்காரர் மனம் நொந்துபோவார். ரொட்டியோ பிஸ்கட்டோ கேக்கோ, எதைக் கொடுத்தாலும் ஒரு கடி, ஒரு மடக்கு என்றுதான் எங்களுக்குத் தின்னத் தெரியும். தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன் வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது.

நானாவின் சொக்லேட்டையும் அப்படியே ஒரு கடி, ஒரு மடக்கு. பல் கூசுகிற இனிப்பு. தேத்தண்ணியும் இனிப்பு, சொக்லேட்டும் இனிப்பு, தொண்டையில் போய்ப் பாகாக நின்றது. நல்ல மனிதர், முகத்தை நேரே பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தேன். அவர் தோளில் தட்டி, நிதானமாக ஒரு வார்த்தை சொன்னார்:

"மத்தக் கடையிலயும் தின்னு பாருங்க தம்பி, நான் யாரயும் குறை சொல்ல மாட்டேன், அத நீங்களே சொல்லுவீங்க."

ரயில் வடிவச் சொக்லேட்

சந்தியா மிஸ் கேக் வகுப்பு நடத்துகிறவர். வீட்டு முன்னறையையே கடையாக்கியிருந்தார். அச்சில் ஊற்றிய சொக்லேட்டுகள்: தேயிலைக் கொழுந்து, நீர்வீழ்ச்சி, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நீல நிற ரயில். வெளிநாட்டவர்கள் இந்த ரயிலைப் பார்த்தாலே விழுந்துவிடுவார்கள் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது.

இங்கேயும் பிளேன்டி வந்தது, கோப்பைக்கு அடியில் பூப்போட்ட தட்டோடு. ரயிலின் எஞ்சினைக் கடித்து ஒரு மடக்குக் குடித்தேன். மெழுகைப்போல் வழுவழுவென்று போய், மறுபடியும் அதே இனிப்பு. இரண்டு கடையிலும் இப்படி ஆகிறதே, நம் நாக்கில்தான் கோளாறோ என்று பயம் பிடித்துக்கொண்டது. எஞ்சின் போய் என் கையில் மிச்சமிருந்த ரயில் பெட்டிகளை மிஸ் பார்த்தார்.

"எல்லாரும் எஞ்சினத்தான் முதல்ல கடிக்கிறாங்க சேர், அதுக்கப்புறம் யாரும் ரயில முடிக்கிறதே இல்ல."

எஞ்சின் மேல் ஏறியது

மெனேஜருக்குக் காட்ட இரண்டு கடையிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நிற்கத்தான் இடம் கிடைத்தது. நிற்பவர் சாமானை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது நம் பஸ்களில் உள்ள நல்ல வழக்கம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, நான் கேட்காமலே பெட்டிகளை வாங்கிக்கொண்டார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியதைப் போலிருந்தது.

பண்டாரவளை தாண்டிய பிறகுதான் எட்டிப் பார்த்தேன். பெட்டி இரண்டும் எஞ்சின் மூடிமேல் சுகமாக உட்கார்ந்திருந்தன. அட்டையின் மூலையிலிருந்து நீல நிறமாக என்னவோ வழிந்துகொண்டிருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்:

"கேக்குதானே தம்பி, வீட்டுக்குப் போறப்ப சூடா இருக்கட்டும்னு நாந்தான் அங்கன வச்சேன்."

விஜி அக்காவின் கிரைண்டர்

மறுபடியும் பதுளைக்குப் போய்ப் பார்த்த மூன்றாவது ஆள் விஜி அக்கா. மொனராகலையிலிருந்து கொக்கோ விதை எடுத்து, தாச்சியில் வறுத்து, தோசைக்கு மா அரைக்கிற கல் கிரைண்டரில் போட்டு இரவு பகலாக ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவரிடம் அச்சும் இல்லை, நிறமும் இல்லை. கறுப்பாக, தட்டையாக, சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தார்.

அவர் கொடுத்த பிளேன்டியோடு ஒரு கடி, ஒரு மடக்கு. அப்படியே நின்றுவிட்டேன். தேத்தண்ணியின் சூட்டில் அது நாக்கில் இளகி, சீனியோடும் இஞ்சியோடும் சேர்ந்து, வறுத்த வாசனை மூக்குவரை ஏறியது. இன்னொரு துண்டு கேட்டேன். அப்புறம் இன்னொன்று. அப்பாடா, வேலை தப்பியது என்று அப்போது நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஹோட்டலுக்கு உங்களுடையதுதான் அக்கா என்று அங்கேயே வாக்குக் கொடுத்தேன். அக்கா கிரைண்டரை நிறுத்தினார். வீடு திடீரென்று அமைதியானது.

"இந்த ஒண்ணு பத்தாது தம்பி, அப்ப இன்னொரு கிரைண்டருக்குச் சொல்லிடவா?"

கடித்து வைத்தது

அக்காவின் சொக்லேட் தலையணைக்கு வந்து ஒரு வாரம் போயிருக்கும். அறைகளைச் சுத்தம் செய்யும் புஷ்பம் ஒரு காலைநேரம் என் மேசையில் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் அக்காவின் சொக்லேட். சிலது ஓரத்தில் மட்டும் கடிபட்டிருந்தது, சிலது கைபடாமலே இருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் கடித்ததைத் தாளில் துப்பி மடித்து வைத்திருந்தாள். தினமும் இப்படித்தான் வருகிறது, மெனேஜருக்கும் சொல்லியாகிவிட்டது என்றாள் புஷ்பம்.

மெனேஜர் ஏற்கனவே சொல்லி அனுப்பியிருந்தார்: வெள்ளிக்கிழமை மூன்று கடைச் சொக்லேட்டும் அவர் மேசைக்கு வர வேண்டும், அவரே தின்று பார்ப்பார், அதன் பிறகு என் விஷயத்தையும் பேசிவிடலாம். அக்காவின் புதுக் கிரைண்டர் முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தது. செல்விக்கு என்ன சொல்வது, அக்காவுக்கு என்ன சொல்வது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். புஷ்பத்துக்குப் பாவமாகிவிட்டது.

"கவலப்படாதீங்கண்ணே, கைபடாதது ஒண்ணுகூட வீணாப் போகல, பத்து மணி தேத்தண்ணிக்கு நாங்கதான் கடிச்சுக்கிறோம்."

இவள் ஆறுதல் ஒன்றுதான் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல் காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை

வெளியே பனி இறங்கி ஜன்னல் வழியாக ஒன்றும் தெரியவில்லை. மேசைமேல் மூன்று தட்டு, இரண்டு கிளாஸ் பச்சைத் தண்ணீர். மெனேஜர் ஒவ்வொன்றாகத் தின்று, இடையிடையே தண்ணீர் குடித்தார். நானா சொக்லேட்டுக்கு, நல்லது என்பதுபோல் தலையை ஆட்டினார். மிஸ்ஸின் ரயிலுக்கும் ஆட்டினார். அக்காவுடையதைக் கடித்ததும் முகம் சுருங்கியது. "நீங்களும் தின்னுங்க" என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

கடித்தேன், தண்ணீர் குடித்தேன். வேப்பங்கொட்டைக் கசப்பு! என் வாழ்நாளில் இந்தச் சொக்லேட்டை நான் தேத்தண்ணி இல்லாமல் தனியாகத் தின்றதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று கடையிலும் ஒரு கடி, ஒரு மடக்கு. புஷ்பம் சொன்னதும் அதையேதான். "சேர், வேலையவிட்டு நிப்பாட்டுறதா இருந்தாலும் பரவாயில்ல, அதுக்கு முந்தி ஒரே ஒரு பிளேன்டி குடிச்சிருங்க" என்றேன்.

புஷ்பமே கொண்டுவந்தாள், இஞ்சி போட்டு, சீனி தூக்கலாக. கடிக்கச் சொன்னேன், உடனே குடிக்கச் சொன்னேன். அவர் இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு கோப்பையை நீட்டி மிச்சத் தேத்தண்ணியையும் ஊற்றச் சொன்னார். கடைசியில், தலையணைக்கு இனி நானாவின் சொக்லேட், அக்காவுடையதை மாலையில் பிளேன்டியோடு வராந்தாவில் கொடுப்போம் என்றார். அப்படியானால் நான், என்று இழுத்தேன். நிரந்தரம்தான் என்று கையை அசைத்துவிட்டார். எழுந்து கதவுவரை போனவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க, இவ்வளவு நாளா மீன எதோட தின்னு பாத்து வாங்குனீங்க?"

அக்காவின் இரண்டு கிரைண்டரும் இப்போது ஓய்வில்லாமல் ஓடுகின்றன, செல்வியும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள், ஆனால் பதுளையில் மூன்று சொக்லேட்டை ஒப்பிட்டுப் பார்த்தவன் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால், நான் ஒப்பிட்டது மூன்று கடைத் தேத்தண்ணியை என்பதை மட்டும் இன்றுவரை வாய்திறந்து சொன்னதில்லை.