பாறைமேல் இரண்டு நீர்நாய்கள்

மனைவி இறந்த பிறகு முதல் முறையாக, சுரண்டையிலிருந்து பஸ் பிடித்துக் குற்றாலத்துக்குத் தனியாகப் போனேன். அருவிக்கு மேலே, ஆற்றை ஒட்டிய காட்டில் வனத்துறை அனுமதிக்கும் நடைபாதை ஒன்று உண்டு. சோதனைச் சாவடியில் இருந்த காவலர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“ஒத்தையிலயா வந்திருக்கிய அண்ணாச்சி? யானை நடமாட்டம் இருக்கு. யார்கூடயாவது சேர்ந்துதான் போவணும்.”

ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. காவலர் அவர்களிடம் பேசி என்னையும் சேர்த்துவிட்டார். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போக, நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

ஆறு வளையும் இடத்தில், பாறைமேல் இரண்டு நீர்நாய்கள் ஏறின. ஒன்று மீனைக் கடித்துத் தின்றது. மற்றது அதன் முதுகில் உடம்பைத் தேய்த்தது. நானும் மனைவியும் எத்தனையோ முறை வந்தும் பார்க்கக் கிடைக்காத காட்சி.

“ஏட்டி, அங்கன பாரு!” என்றேன், என்னை அறியாமல்.

முன்னால் போன பெண் சட்டென்று திரும்பினாள். அவள் கணவன் முறைத்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“ஒன்னயச் சொல்லலம்மா. எம் பொஞ்சாதி போய் ஆறு மாசம் ஆவுது. வாய் இன்னும் பழக்கத்த விடல.”

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். “எங்கன இருக்கு, காட்டுங்க” என்றாள். கை நீட்டினேன். அதற்குள் இரண்டும் தண்ணீரில் இறங்கிவிட்டன; ஈரப்பாறை மட்டும் இருந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் கூப்பிட்டதும் போய்விட்டாள்.