மரித்தோர் புத்தகத்தில் மாமா

பிறந்தநாள் கேக்கில் குத்திய மெழுகுதிரிகளைப் பிள்ளை ஊதி அணைத்ததும் எல்லாரும் கை தட்டுவார்கள். நான் ஜன்னலைத் திறக்கப் போய்விடுவேன். ஓஸ்லோவில், நவம்பர் மாதத்தில், ஜன்னலை அகலத் திறந்து வைக்கிற தாயை மற்றப் பெற்றோர் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன கிழமை மகளுக்கு ஏழு வயது. ஏழு திரியும் ஒரே மூச்சில் அணைந்தன. புகை கலையாமல் மேசைக்கு மேலேயே நின்றது. கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் கருகலுமான அந்த மணம் எனக்கு ஆகவே ஆகாது. இருபது வருடத்துக்கு மேலாக ஆகாது. "அம்மா, குளிருது" என்று மகள் கத்திய பிறகுதான் ஜன்னலை மூடினேன்.

அவள் போவது நான் படித்த அதே கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கூடம். விருந்தினர் போன பிறகு அவளுடைய புத்தகப்பையைத் திறந்தால் உள்ளே ஒரு தாள். இது மரித்தோருக்காகச் செபிக்கும் மாதம், உங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி அனுப்புங்கள் என்று இருந்தது. கீழே ஐந்து கோடுகள். என் காலத்தில் இப்படித் தாள் வீட்டுக்கு வருவதில்லை. வந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நாங்கள் அப்போது நகரத்தின் ஓரத்தில், புருசெத்தில் இருந்தோம். காலையில் சுரங்க ரயிலில் அம்மா என்னை நகரத்துக்குக் கூட்டிவந்து, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார். போலந்துப் பிள்ளைகள், பிலிப்பைன்ஸ் பிள்ளைகள், வியட்நாம் பிள்ளைகள், நாலைந்து தமிழ்ப் பிள்ளைகள், நடுவே வெள்ளை முடியோடு சில நோர்வேக்காரர். திருநாள்களுக்கு அங்கே குறைவில்லை. மே மாதம் முதல்நன்மை, மாதாவுக்குப் பூமுடி. டிசம்பரில் லூசியா ஊர்வலம். எல்லாரும் வெள்ளை அங்கி போட்டு, கையில் வெளிச்சத்தோடு பாடிக்கொண்டு போக வேண்டும். என் குரலைக் கேட்டவர்கள் என்னைக் கடைசி வரிசையில் விட்டு, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குப் பயம் நவம்பரில்தான்.

நவம்பர் தொடங்கியதும் பள்ளிச் சிற்றாலயத்தில் பீடத்துக்கு முன்னால் ஒரு கறுப்பு மட்டைப் புத்தகம் விரித்து வைக்கப்படும். அதுதான் மரித்தோர் புத்தகம். நாலாம் வகுப்புக்கு வந்தவர்கள் அதில் தங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரை மைப்பேனையால் எழுதலாம். பிறகு ஒவ்வொரு காலையும், வெளியே இன்னும் விடியாத நேரத்தில், மின்விளக்கை அணைத்துவிட்டுச் சிஸ்டர் ஊர்சுலா ஐந்து பெயர் வாசிப்பார். ஒரு பெயர், ஒரு சின்ன மணி, மூன்று மூச்சு அளவுக்கு அமைதி. கண்ணாடி ஜன்னல்களில் இருட்டு நிற்க, அதில் எங்கள் முகங்கள் மட்டும் மிதக்கும். "பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். போலந்திலிருந்து வந்த நல்ல மனுஷி. ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் குளிரும்.

வியட்நாம்காரி ஒருத்தி பதினொரு பெயர் எழுதினாள். தோமாஸ் என்ற பெடியன் தன் ஹாம்ஸ்டரை எழுதினான். என் முறை வந்தபோது என்னிடம் ஒரு செத்த ஆளும் இல்லை. சிரிக்காதீர்கள், ஒன்பது வயதில் அது பெரிய அவமானம். அப்பாவின் அப்பா இறந்தது தெரியும். ஆனால் அவர் சைவக்காரர், நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். கத்தோலிக்கப் புத்தகத்துக்குள் அவரை விடுவார்களோ என்று சந்தேகமாக இருந்தது.

அப்போதுதான் மாமாவின் நினைவு வந்தது.

எங்கள் வீட்டு ஹாலில், அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில், அம்மாவின் தம்பியின் படம் இருந்தது. மெல்லிய மீசை, கோடு போட்ட சேட். பெயர் அமலநாதன். நான் பிறக்க முன்னரே, யாழ்ப்பாணத்தில், சைக்கிளில் சந்திக்குப் போனவர் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனது, எங்கே கொண்டுபோனது என்று ஒருவருக்கும் தெரியாது. இதெல்லாம் பின்னால் நான் அறிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, செவ்வாய்க்கிழமைகளில் அம்மா அந்தப் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துவார் என்பது மட்டும்தான். நாங்கள் போய்வந்த தமிழ் வீடுகளில் படத்துக்கு முன்னால் வெளிச்சம் எரிந்தால் அந்த ஆள் செத்துப்போனவர். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது?

இன்னொரு சான்றும் என்னிடம் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணியளவில், வீட்டு ஃபோன் அடிக்கும். எடுத்தால் ஒருவரும் கதைக்கமாட்டார்கள். தூரத்தில் காற்று வீசுகிற மாதிரி ஓர் இரைச்சல் மட்டும் வரும். அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தம்பி, அக்கா கதைக்கிறன்" என்பார். பதில் வராது. ஆனாலும் அம்மா சொல்லிக்கொண்டே போவார்: இஞ்சை பனி கொட்டத் தொடங்கீட்டுது, பிள்ளை நல்லாப் படிக்கிறாள், நீ சாப்பிட்டனியோ. இரண்டு மூன்று நிமிடத்தில் தொடர்பு அறுந்துவிடும். அப்பா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவர். நாள் முழுக்க உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இதில் எல்லாம் நம்பிக்கை வராது.

"ஆரோ நம்பர் மாறி அடிக்கிறான்" என்பார் அப்பா.

"மூண்டு வருசமாவோ மாறி அடிக்கிறான்?" என்று அம்மா திருப்பிக் கேட்பார்.

செத்தவர் எப்படி ஃபோன் அடிப்பார் என்று நீங்கள் கேட்கலாம். செத்தபடியால்தான் கதைக்காமல் இருக்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பேனையை எடுத்து என் அழகான கையெழுத்தில் மாமாவின் பெயரை எழுதினேன். எப்படி உச்சரிப்பது என்று சிஸ்டர் என்னிடம் கேட்டுப் பழகிக்கொண்டார். எனக்கும் ஒரு ஆள் கிடைத்துவிட்ட பெருமிதத்தில் அன்று இரண்டு முறை பால் வாங்கிக் குடித்தேன்.

இரண்டாம் கிழமை ஒரு வெள்ளிக்கிழமை காலை மாமாவின் பெயர் வந்தது. சிஸ்டர் ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னார். மணி அடித்தது. அந்த அமைதியில், எங்களுக்குப் பின்னால், ஒருவரும் உட்காராத கடைசி வாங்கு கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பினால் வருகிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய வாங்கு, சூடேறினால் மரம் சத்தம் போடும் என்று இப்போது சொல்வேன். அப்போது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை ஃபோன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் இல்லை. அந்த மாதத்து அழைப்பு இன்னும் வராதபடியால் அம்மா செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, மூன்று மணியிலிருந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டிய பிறகும் விளக்கைப் போடவில்லை. "என்ன நடந்தது இவனுக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் முழுக்கச் சேர்ந்து செபித்து மாமாவை மோட்சத்துக்கு அனுப்பிவிட்டோம். அங்கே ஃபோன் இல்லை. அனுப்பி வைத்தவள் நான். அம்மாவுக்கு அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் மை அழிக்கிற ரப்பரோடு சிற்றாலயத்துக்குள் புகுந்தேன். பெயரைத் தேய்த்தேன். மை பரவியதே தவிர மறையவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். தாள் மெலிந்து, மாமாவின் பெயர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கடைசி வாங்கு இருக்கிறது என்ற நினைப்பிலேயே புத்தகத்தை விட்டுவிட்டு ஓடிவந்தேன். ஆனாலும் மனதுக்குள் நிம்மதி. பெயர் இல்லை என்றால் அவர் திரும்பி வந்துவிடுவார் அல்லவா.

மாதக் கடைசி ஞாயிறு பெற்றோரும் வருகிற பெரிய பூசை. எழுதிய எல்லாப் பெயர்களும் வாசிக்கப்படும். ஒவ்வொரு பெயருக்கும் அதை எழுதிய பிள்ளை மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்திக்கொண்டுபோய்ப் பீடத்தில் வைக்க வேண்டும். என் கையிலும் ஒன்றைத் தந்தார்கள். என் ஆள்தான் இல்லையே என்று நான் அலட்சியமாக நின்றேன். ஆனால் சிஸ்டர் வாசித்தது புத்தகத்திலிருந்து இல்லை. அலுவலகத்தில் முதலே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளிலிருந்து. "அமலநாதன்" என்றார், தெளிவாக. யாரோ என் திரியைக் கொளுத்திவிட்டார்கள். தோமாஸ் என்னை முதுகில் தள்ளினான். நான் நடந்தேன்.

பாதி வழி போயிருப்பேன். "நை!" என்று ஒரு குரல் மறுத்தது. கோவிலில் நோர்வேஜிய மொழியில் செபம் சொல்லவே கூச்சப்படுகிற என் அம்மா, மூன்றாவது வாங்கில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "ஹான் லேவர்" என்றார். அவன் உயிரோடு இருக்கிறான். அடுத்ததாகத் தமிழில், எனக்கு மட்டும்: "என்ன பிள்ளை செய்துபோட்டாய்?"

என் கையில் செத்தவருக்கான மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறவருக்கு அதை எப்படி எரிய விடுவது? ஊதினேன். புகை நேரே என் முகத்தில் ஏறியது. சிஸ்டர் ஊர்சுலா இறங்கிவந்து, அணைந்த திரியை என் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டார். இறந்தவருக்கான வெளிச்சத்தை அணைத்தால் அவர் பிழைப்பாரா, இன்னொரு முறை சாவாரா? அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

ரயில் புருசெத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. இறங்க எழும்பியபோதுதான் அம்மா கேட்டார்.

"ஆர் உனக்குச் சொன்னது அவன் செத்துப்போனான் எண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் மெழுகுதிரி கொளுத்திறனீங்கள்தானே."

"அது அந்தோனியாருக்கு. துலைஞ்சதைத் தேடித் தாறவர் அவர்" என்றார் அம்மா. "தேடுறவருக்கு வெளிச்சம் வேணும்."

டிசம்பர் முதல் சனிக்கிழமை, நாலு மணிக்கு, ஃபோன் அடித்தது. அம்மா ஓடிவந்தார். ஆனால் எடுக்கவில்லை. என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்: "நீ எடு. நீ கதை."

எடுத்தேன். அந்தக் காற்று இரைச்சல். "மாமா, நான்தான் எழுதினது. அழிச்சிட்டன். நீங்கள் வாங்கோ" என்றேன். இரைச்சல் சட்டென்று நின்றது. அதுவரை ஒருநாளும் அது நின்றதில்லை. பிறகு, என் காதுக்கு மிகக் கிட்ட, ஒரு மூச்சு. மெழுகுதிரியை ஊதுகிறபோது வருகிற அதே மூச்சு. தொடர்பு அறுந்தது. அந்த ஹாலில், ஒரு திரியும் எரியாத இடத்தில், அணைந்த திரியின் மணம் வந்தது. நம்பினால் நம்புங்கள். நானே பாதிதான் நம்புகிறேன்.

"என்ன சொன்னவன்?" அம்மாவின் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. அந்தக் கண்களைப் பார்த்து உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"சிரிச்சவர்" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த அழைப்பு வரவே இல்லை. ஆனால் அம்மாவுக்கு அந்தச் சிரிப்புப் போதுமாக இருந்தது. தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லாரிடமும், "பிள்ளையோடை சிரிச்சவன்" என்று சொல்லித் திரிந்தார். ரொம்மன் என்ற இடத்துக்கு வீடு மாறியபோதும் அதே நம்பரைக் கேட்டு வாங்கினார். எல்லாரும் கைபேசிக்கு மாறிய பிறகும், "அவனுக்குத் தெரிஞ்சது இந்த நம்பர்தான்" என்று ஒருத்தரும் அடிக்காத அந்த ஃபோனை வைத்திருந்தார். ஃபோன் கம்பிகளையே கழற்றப்போவதாகக் கடிதம் வந்த அன்று அந்தக் கடிதத்தை மடித்து அந்தோனியாருக்கு முன்னால் வைத்தார். அந்தோனியாராலும் ஏலவில்லை.

அம்மா போன மாரியில் காலமானார். ஆஸ்பத்திரியில் கடைசி நாள்களில் ஒருமுறை என் கையைப் பிடித்து, "அண்டைக்கு அவன் எப்பிடிச் சிரிச்சவன்? ஒருக்காக் காட்டு" என்றார். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். சின்னதாக, மூக்கால், ஆண்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

"ஓம்" என்றார். "அவன்தான்."

மகளின் தாளில் முதல் கோட்டில் அம்மாவின் பெயரை எழுதினேன். சிஸ்டர் ஊர்சுலாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை இரண்டாவதில் எழுதினேன். மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிற மீசைக்காரப் படத்தைக் காட்டி, "அந்த மாமா?" என்று கேட்டாள்.

"ஹான் லேவர்" என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை, அம்மாவுடையது மாதிரி இருந்தது.

"அப்ப ஏன் அவர் ஒருநாளும் ஃபோன் அடிக்கிறேல்லை?"

"அவரிட்டை எங்கடை நம்பர் இல்லை" என்றேன்.